வேகத்தைக் கூட்டப் போகிறீர்களா? மதர்போர்டிலும் கூலரிலும் கோட்டை விடாதீர்கள்!

இன்ஜினீயரிங் சேர்ந்திருக்கும் மகன் ஒரு தாளில் பட்டியல் எழுதிக்கொண்டு வந்து அப்பாவிடம் நீட்டுகிறான். பிராசஸர், ரேம், கிராபிக்ஸ் கார்டு, எஸ்.எம்.பி.எஸ் என்று வரிசையாகப் படித்துக்கொண்டே வந்த அப்பா, ஓரிடத்தில் நின்றுவிடுகிறார்.

“ஏம்ப்பா, இந்த மதர்போர்டு விலை பிராசஸர் விலையைத் தொடுதே! அது போதாதுன்னு கூலர்னு தனியா ஒண்ணு வேற. பிராசஸர் டப்பாவுலயே ஃபேன் வராதா?”

“இந்த மாடலுக்கு வராதுப்பா. நான் ஓவர்கிளாக் பண்ணப் போறேன். அதுக்கு இதெல்லாம் வேணும்.”

“அது பண்ணினா என்ன ஆகும்?”

“ஸ்பீடு கூடும்.”

“எவ்வளவு கூடும்?”

இந்தக் கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலான பிள்ளைகளிடம் நேரடியான பதில் இருப்பதில்லை. ஆனால், அதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கான பதிலில்தான் எந்த மதர்போர்டு, எந்தக் கூலர், எவ்வளவு செலவு என்பதெல்லாம் அடங்கியிருக்கிறது.

ஓவர்கிளாக்கிங் என்றால் என்ன?

ஒரு பிராசஸர் ஒரு விநாடியில் எத்தனை முறை ‘துடிக்கிறது’ என்பதைக் கிகாஹெர்ட்ஸ் கணக்கில் சொல்வார்கள். 5 கிகாஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்கு 500 கோடித் துடிப்புகள். தயாரிப்பு நிறுவனம், ‘இந்த வேகம் வரை பத்திரமாக ஓடும்’ என்று ஓர் அளவை நிர்ணயித்து விற்கிறது. அந்த அளவைத் தாண்டி ஓட வைப்பதுதான் ஓவர்கிளாக்கிங்.

ஓர் ஆட்டோவை 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுவதற்கும் 80-ல் விரட்டுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. வண்டி போகும். ஆனால் இன்ஜின் சூடாகும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், எங்காவது ஒரு பாகம் லூசாக இருந்தால் அன்றைக்குத் தெரிந்துவிடும்.

கம்ப்யூட்டரில் இந்தச் சூட்டின் கணக்கு கொஞ்சம் கொடுமையானது. வேகம் கூட வேண்டுமென்றால் பெரும்பாலும் பிராசஸருக்குக் கொடுக்கும் வோல்ட்டேஜையும் கூட்ட வேண்டியிருக்கும். அது செலவழிக்கும் மின்சாரம், வேகத்துக்கு ஏற்ப நேர் விகிதத்தில் கூடும். வோல்ட்டேஜுக்கோ இருமடியாகக் கூடும். வேகத்தை 10 சதவிகிதமும் வோல்ட்டேஜை 10 சதவிகிதமும் ஏற்றினால், செலவாகும் மின்சாரம் ஏறக்குறைய 33 சதவிகிதம் எகிறிவிடும். அத்தனையும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வரும்.

இந்தக் கூடுதல் மின்சாரத்தைத் தடங்கலில்லாமல் கொண்டுவந்து கொடுப்பது மதர்போர்டின் வேலை. அதனால் பிறக்கும் வெப்பத்தை வெளியேற்றுவது கூலரின் வேலை. இரண்டில் ஒன்று சோப்ளாங்கியாக இருந்தாலும், பிராசஸருக்குக் கொட்டிக் கொடுத்த பணம் வீண்.

50 சதவிகிதம் கிடைத்த காலம்

ஓவர்கிளாக்கிங் மீது இளைஞர்களுக்கு இத்தனை மோகம் வந்ததற்கு நியாயமான காரணம் உண்டு. 1998-ல் இன்டெல் நிறுவனம் ‘செலரான் 300ஏ’ என்ற மலிவு விலை பிராசஸரை வெளியிட்டது. அதன் வேகம் 300 மெகாஹெர்ட்ஸ். மதர்போர்டில் 66 மெகாஹெர்ட்ஸாக இருந்த பஸ் வேகத்தை 100 ஆக மாற்றினால் போதும்; பல சிப்கள் 450 மெகாஹெர்ட்ஸில் அலுங்காமல் ஓடின. ஒரே ஒரு செட்டிங்கில் 50 சதவிகித வேகம்! விலை உயர்ந்த பென்டியம் 2 கொடுத்த வேகத்தை, அதில் ஒரு சிறு பங்கு விலையில் பெற்றுவிட்டார்கள். அப்போது ‘ஏபிட் பிஹெச்6’ என்ற மதர்போர்டு பெயர்பெற்றதற்குக் காரணமே, பெட்டியைத் திறந்து ஜம்பர்களை மாற்றாமல் பயாஸ் திரையிலேயே இதைச் செய்ய முடிந்ததுதான்.

2011-ல் வந்த இன்டெல் ‘ஐ5-2500கே’ இன்னொரு நட்சத்திரம். 3.3 கிகாஹெர்ட்ஸ் பிராசஸரை நல்ல கூலர் போட்டு 4.5 கிகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோனவர்கள் ஏராளம்.

இன்றைய நிலைமை வேறு. நிறுவனங்களே தங்கள் சிப்களைக் கிட்டத்தட்ட எல்லை வரை விரட்டி விற்கின்றன. இன்டெல்லின் ‘ஐ9-14900கே’ பெட்டியிலிருந்து எடுத்துப் பொருத்தியதுமே 6 கிகாஹெர்ட்ஸ் வரை தானாகத் தாவும். அதற்கு மேல் கசக்கிப் பிழிந்தாலும் கிடைப்பது பெரும்பாலும் ஒற்றை இலக்கச் சதவிகிதம்தான். 2022-ல் ஓவர்கிளாக்கிங் வல்லுநர்கள் ‘ஐ9-13900கே’ பிராசஸரை 9 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் கொண்டுபோய்ச் சாதனை படைத்தார்கள். அதற்கு அவர்கள் ஊற்றியது திரவ ஹீலியம். நம் வீட்டு மேஜைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

எனவே, ‘எவ்வளவு கூடும்?’ என்று கேட்கும் அப்பாவுக்கு நேர்மையான பதில் இதுதான்: இன்றைய பிராசஸர்களில் கொஞ்சம்தான் கூடும். வீடியோ எடிட்டிங், த்ரீடி ரெண்டரிங் போன்ற எல்லா கோர்களையும் மணிக்கணக்கில் பிழியும் வேலைகளில் அந்தக் கொஞ்சமும் பயன்படும். 4கே திரையில் கேம் ஆடுபவருக்கு அநேகமாக ஒன்றும் தெரியாது. அங்கே வேகத்தைத் தீர்மானிப்பது கிராபிக்ஸ் கார்டு.

இதைத் தெரிந்துகொண்ட பிறகும் செய்ய ஆசையா? தாராளமாகச் செய்யலாம். தன் கையால் ஒரு மெஷினை டியூன் செய்து பார்ப்பதில் ஒரு படிப்பும் இருக்கிறது, ருசியும் இருக்கிறது. ஆனால் பணத்தைச் சரியான இடத்தில் போட வேண்டும்.

எல்லா மதர்போர்டிலும் முடியாது!

கடைக்குப் போகும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் இது. இன்டெல் பிராசஸர்களில் பெயரின் இறுதியில் ‘கே’ என்ற எழுத்து இருக்கும் மாடல்களில்தான் வேகத்தை மாற்றும் பூட்டு திறந்திருக்கும். அதோடு, மதர்போர்டின் சிப்செட் ‘இஸட்’ வரிசையாக இருக்க வேண்டும். இஸட்690, இஸட்790 ஆகியவை 12 முதல் 14-வது தலைமுறை வரையிலான பிராசஸர்களுக்கு. இஸட்890, 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு. ‘பி’ அல்லது ‘ஹெச்’ வரிசை போர்டில் ‘கே’ பிராசஸரைப் பொருத்தினால் கம்ப்யூட்டர் ஓடும். ரேம் வேகத்தைக்கூட பி வரிசையில் ஏற்றலாம். ஆனால் பிராசஸரின் வேகத்தைக் கூட்ட முடியாது. இது தெரியாமல் வாங்கிவந்து பயாஸ் திரையில் அந்த ஆப்ஷனைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

ஏ.எம்.டி இந்த விஷயத்தில் கொஞ்சம் தாராளம். ஏ.எம்5 சாக்கெட்டில் பி650, எக்ஸ்670, பி850, எக்ஸ்870 ஆகிய சிப்செட்கள் அனைத்திலும் ஓவர்கிளாக் செய்யலாம். ஏ620, பி840 ஆகிய இரண்டிலும் பிராசஸரை ஓவர்கிளாக் செய்ய முடியாது. இங்கேதான் ஒரு சிக்கல்: பி850, பி840 என்ற பெயர்கள் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும். பில் போடும்போது ஓர் எண் மாறினால் நோக்கமே மாறிவிடும்.

பிராசஸரிலும் கவனம் தேவை. கேம் ஆடுபவர்களின் செல்லப்பிள்ளையான ‘ரைசன் 7 7800எக்ஸ்3டி’யில் வேகப் பெருக்கியை நேரடியாக மாற்ற முடியாது. அதற்கு அடுத்து 2024 நவம்பரில் வந்த ‘9800எக்ஸ்3டி’யில் அந்தப் பூட்டு திறந்திருக்கிறது.

பிராசஸரைச் சுற்றி ஒரு சப் ஸ்டேஷன்

மதர்போர்டில் பளபளக்கும் விளக்குகளைப் பார்த்து மயங்குபவர்கள் அதிகம். ஓவர்கிளாக்கிங்குக்கு முக்கியமானது, பிராசஸர் சாக்கெட்டைச் சுற்றி ‘ட’ வடிவத்தில் உட்கார்ந்திருக்கும் ‘வி.ஆர்.எம்’ என்ற பகுதி. எஸ்.எம்.பி.எஸ் அனுப்புவது 12 வோல்ட். பிராசஸர் கேட்பதோ ஒன்றேகால் வோல்ட் அளவுக்குத்தான். அந்த 12 வோல்ட்டை இறக்கிக் கொடுக்கும் குட்டி சப் ஸ்டேஷன்தான் வி.ஆர்.எம்.

குட்டி என்று சொன்னாலும் அதன் சுமை குட்டியில்லை. 250 வாட் இழுக்கும் பிராசஸருக்கு 1.25 வோல்ட்டில் மின்சாரம் கொடுக்க வேண்டும் என்றால், ஓட வேண்டிய மின்னோட்டம் 200 ஆம்பியர்! ஒரு நடுத்தர வீட்டின் மெயின் சுவிட்சே 32 அல்லது 40 ஆம்பியர்தான் தாங்கும். வோல்ட்டேஜ் மிகக் குறைவு என்பதால் ஆம்பியர் இத்தனை கூடுகிறது.

இந்த மாற்றத்தில் 10 சதவிகிதம் வீணாகிறது என்று வைத்துக்கொண்டால், 25 வாட்டுக்கும் அதிகமான வெப்பம் வி.ஆர்.எம்மிலேயே உருவாகும். எலெக்ட்ரீஷியன் கையில் இருக்கும் சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதை நாள் முழுக்க மதர்போர்டின் மேல் வைத்திருந்தால் எப்படி இருக்கும்? அந்தச் சூட்டைப் பல பாகங்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்து, மேலே கனமான அலுமினிய ஹீட் சிங்க் போட்டுக் குளிர்விப்பதுதான் நல்ல போர்டுக்கு அழகு.

பெட்டியின் மேல் ‘14+2 பேஸ்’, ‘16+2 பேஸ்’ என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். அந்த எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. ஒவ்வொரு பேஸும் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 14 பேஸ், ஒவ்வொன்றும் 60 ஆம்பியர் என்றால் மொத்தம் 840 ஆம்பியர். 200 ஆம்பியர் கேட்கும் பிராசஸருக்கு இது தாராளத்திலும் தாராளம். அதிகம் தாங்கும் வி.ஆர்.எம், குறைவான சுமையில் அலட்டிக்கொள்ளாமல், சூடாகாமல் ஓடும். அதே சமயம், 8 கோர் ரைசனுக்கு உச்சபட்ச விலை போர்டு தேவையே இல்லை. நடுத்தர விலையில், கனமான ஹீட் சிங்க் உள்ள பி650 அல்லது பி850 போர்டு அந்த வேலையை முடித்துவிடும்.

விலை ஏற ஏற மதர்போர்டில் கிடைப்பவை என்ன? கூடுதல் எஸ்.எஸ்.டி ஸ்லாட்டுகள், வேகமான நெட்வொர்க், கூடுதல் யூ.எஸ்.பி போர்ட்டுகள், அழகான விளக்குகள். அவை வேண்டுமென்றால் வாங்கலாம். ‘காஸ்ட்லி போர்டு வாங்கினால் கம்ப்யூட்டர் வேகமாகும்’ என்ற எண்ணத்தில் மட்டும் வாங்கக் கூடாது. மிச்சமாகும் பணத்தில் ஒரு படி மேலான பிராசஸரையோ கிராபிக்ஸ் கார்டையோ வாங்கினால், ஓவர்கிளாக் செய்து கிடைப்பதைவிட அதிக வேகம் கைமேல் கிடைக்கும்.

பார்த்து வாங்க வேண்டிய சின்னச் சின்ன வசதிகள் மூன்று உண்டு. ஒன்று, பிராசஸர் இல்லாமலேயே பென் டிரைவ் மூலம் பயாஸை அப்டேட் செய்யும் ‘ஃப்ளாஷ்பேக்’ பட்டன். பழைய ஸ்டாக் போர்டில் புதிய பிராசஸர் போடும்போது இதன் அருமை தெரியும். இரண்டு, ‘கிளியர் சீமாஸ்’ பட்டன். தவறான செட்டிங் கொடுத்துத் திரையே வராமல் போனால், பழைய நிலைக்குத் திரும்ப இதுதான் வழி. மூன்று, எந்த இடத்தில் கோளாறு என்று காட்டிக்கொடுக்கும் குட்டி எல்.இ.டி விளக்குகள். ஓவர்கிளாக் செய்பவர் ஒரு முறையாவது இருட்டுத் திரையைப் பார்த்தே தீருவார். அப்போது இந்த மூன்றும் கைகொடுக்கும்.

கூலர்: காற்றா, தண்ணீரா?

கூலரில் இரண்டு வகை. ஒன்று காற்றில் குளிர்விக்கும் ‘டவர்’ கூலர். இன்னொன்று தண்ணீர் சுற்றிவரும் ‘ஏ.ஐ.ஓ’ லிக்விட் கூலர்.

டவர் கூலரில் செம்புக் குழாய்கள் இருக்கும். அவை வெறும் செம்புக் கம்பிகள் என்று நினைத்தால் தவறு. உள்ளே வெற்றிடமாக்கி, துளியளவு திரவம் அடைத்திருப்பார்கள். இட்லிப் பானையில் என்ன நடக்கிறது? அடியில் நீர் கொதித்து ஆவியாகி மேலே போகிறது. மூடியில் பட்டுக் குளிர்ந்து, துளித் துளியாகத் திரும்பவும் கீழே விழுகிறது. அதேதான் இங்கேயும். பிராசஸர் பக்கம் ஆவியாகும் திரவம், தகடுகள் இருக்கும் பக்கம் போய் வெப்பத்தைக் கொடுத்துவிட்டுக் குளிர்ந்து திரும்புகிறது. ஃபேன் அந்தத் தகடுகளின் மேல் காற்றை வீசுகிறது. ஃபேனைத் தவிர ஓடும் பாகம் எதுவும் இல்லை. ஃபேன் கெட்டால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பத்து வருடம்கூட உழைக்கும்.

ஆனால் உருவம் பெரியது. ஆஸ்திரியாவின் நாக்டுவா நிறுவனம் தயாரிக்கும் பிரபலமான ‘என்.ஹெச்-டி15’ கூலரின் உயரம் 165 மில்லிமீட்டர். இரண்டு ஃபேன்களுடன் எடை 1 கிலோ 320 கிராம்! கேபினெட்டின் அகலம் போதுமா, ரேம் மேல் இடிக்குமா என்று டேப் வைத்து அளக்காமல் வாங்கினால், பக்கவாட்டு மூடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உட்கார வேண்டியிருக்கும்.

லிக்விட் கூலரில் ஒரு பம்ப் தண்ணீரைச் சுற்றவைக்கிறது. ரேடியேட்டரின் நீளத்தைப் பொறுத்து 240, 280, 360 மில்லிமீட்டர் என்று வகைகள். 250 வாட்டைத் தொடும் பிராசஸர்களை நீண்ட நேரம் முழுச் சுமையில் ஓட்ட வேண்டும் என்றால் 360 மில்லிமீட்டர் ரேடியேட்டர் நல்ல தேர்வு. இதற்கும் விலை உண்டு. பம்ப் என்பது ஓடும் பாகம். என்றாவது ஒரு நாள் நிற்கும். குழாய்களின் வழியே சில வருடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரவம் குறையும். எனவே வாங்கும்போது வாரன்டி எத்தனை வருடம், ஒழுகினால் மற்ற பாகங்களுக்கும் இழப்பீடு உண்டா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

கடைக்காரர்கள் அதிகம் சொல்லாத ஒரு நுட்பம் இருக்கிறது. டவர் கூலரின் ஃபேன் வீசும் காற்றில் ஒரு பகுதி, பக்கத்திலேயே இருக்கும் வி.ஆர்.எம் மேலும் படும். லிக்விட் கூலர் போட்டால் ஃபேன் ரேடியேட்டரோடு தள்ளிப்போய்விடும். சாக்கெட்டைச் சுற்றிக் காற்றே இருக்காது. சுமாரான வி.ஆர்.எம் உள்ள மலிவு போர்டில் காஸ்ட்லி லிக்விட் கூலர் போட்டவர்களுக்குப் பிராசஸர் குளிர்ந்தும் வேகம் குறைவதன் ரகசியம் இதுதான். சூடு தாங்காமல் வி.ஆர்.எம்மே வேகத்தைக் குறைக்கச் சொல்லிவிடும். அதனால்தான் மதர்போர்டையும் கூலரையும் ஜோடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இன்னொன்று, கூலரைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் சூடு குறைந்துகொண்டே போகும் என்பதும் இல்லை. இன்றைய ரைசன் பிராசஸர்களில் வெப்பம் முழுவதும் சுண்டுவிரல் நகமளவு சிப்பில் பிறக்கிறது. அங்கிருந்து வெளியே வரும் பாதையே குறுகல். ரைசன் 7000 வரிசையின் சாதாரண மாடல்கள் 95 டிகிரி செல்சியஸ் வரை ஓடும்படியே வடிவமைக்கப்பட்டவை. எனவே 90-ஐத் தாண்டியதும் பதறவேண்டியதில்லை. எல்லையைத் தொட்டதும் பிராசஸரே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

சென்னை மே மாதமும் ஒரு கணக்கு

கூலர்களைப் பற்றி இணையத்தில் வரும் பரிசோதனைகள் பெரும்பாலும் 20 முதல் 25 டிகிரி வரையுள்ள அறைகளில் செய்யப்படுபவை. நம் ஊருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

காற்றோ தண்ணீரோ, எந்தக் கூலரும் அறையின் வெப்பத்துக்குக் கீழே பிராசஸரைக் கொண்டுபோக முடியாது. அறை வெப்பத்துக்கு மேல் எத்தனை டிகிரியில் நிறுத்துகிறது என்பதுதான் அதன் திறமை. ஒரு கூலர் முழுச் சுமையில் 55 டிகிரி வித்தியாசத்தில் நிறுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். 24 டிகிரி ஏ.சி அறையில் பிராசஸர் 79 டிகிரியில் இருக்கும். அதே கம்ப்யூட்டர், மே மாதம் 38 டிகிரி கொதிக்கும் மாடி அறையில் 93 டிகிரியைத் தொடும். டிசம்பரில் செய்து பார்த்து ‘சூப்பர்’ என்று விட்ட ஓவர்கிளாக், கத்திரி வெயிலில் தொங்கிப்போவது இதனால்தான். கோடையில் சோதித்துப் பார்த்த செட்டிங்தான் வருடம் முழுக்க நிற்கும்.

கேபினெட்டும் முக்கியம். முன்பக்கம் கண்ணாடியால் அடைத்த அழகான கேபினெட்டைவிட, வலை போட்ட முன்பக்கம் உள்ள சாதாரண கேபினெட் மேல். முன்னால் இரண்டு ஃபேன் காற்றை இழுக்க, பின்னால் ஒன்று தள்ள வேண்டும். சாலையோர வீடுகளில் தூசி வடிகட்டியை மாதம் ஒரு முறையாவது தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். தூசி படிந்த 360 ரேடியேட்டரைவிட, சுத்தமான சின்ன டவர் கூலர் நன்றாக வேலை செய்யும்.

‘ஐஸ் போட்டுக் குளிர்விக்கலாமே’ என்ற விபரீத யோசனைகளும் வேண்டாம். அறை வெப்பத்துக்குக் கீழே குளிர்ந்த பரப்பில், கடலோர ஊர்களின் ஈரக்காற்று பட்டால் வியர்த்துக் கொட்டும். ஐஸ் வாட்டர் டம்ளரின் வெளிப்பக்கம் நடப்பதேதான். மதர்போர்டில் அது நடந்தால் கதை முடிந்தது.

மின்சாரக் கட்டணத்தையும் பார்த்துவிடலாம். ஓவர்கிளாக் காரணமாகக் கூடுதலாக 100 வாட் செலவாகி, தினமும் 6 மணி நேரம் முழுச் சுமையில் ஓடினால், மாதம் 18 யூனிட். இரண்டு மாத பில்லில் 36 யூனிட். ஸ்லாப்பின் விளிம்பில் நிற்கும் வீட்டை அடுத்த ஸ்லாப்புக்குத் தள்ள இது போதும். அறைக்குள் வெளியேறும் அந்த வெப்பத்தை விரட்ட ஏ.சி செய்யும் வேலை தனி.

இரண்டு வருடங்கள், இரண்டு பாடங்கள்

‘நான் எதையும் மாற்றவில்லை, அதனால் எனக்கு ஆபத்தில்லை’ என்று நினைப்பவர்களுக்கும் சமீபத்திய வரலாற்றில் பாடம் இருக்கிறது.

2023 ஏப்ரலில், ரைசன் 7000 எக்ஸ்3டி பிராசஸர்கள் சில, சாக்கெட்டிலேயே கருகி வீங்கிப்போன படங்கள் வெளிவந்தன. ரேமின் வேகத்தை ஏற்றும் ‘எக்ஸ்போ’ வசதியை இயக்கியதும், சில மதர்போர்டுகள் பிராசஸரின் ஒரு பகுதிக்கு அளவுக்கு மீறிய வோல்ட்டேஜ் கொடுத்ததே காரணம் எனத் தெரியவந்தது. அந்த வோல்ட்டேஜ் 1.3-ஐத் தாண்டக் கூடாது என்று ஏ.எம்.டி கட்டுப்பாடு விதித்து, புதிய பயாஸ் வந்தது.

2024-ல் இன்டெல்லின் முறை. 13 மற்றும் 14-வது தலைமுறையின் உயர்ரக பிராசஸர்கள் கேம் ஆடும்போது திடீர் திடீரென்று நின்றன. தேவைக்கு அதிகமான வோல்ட்டேஜ் காலப்போக்கில் சிப்பைச் சிதைத்ததுதான் அடிப்படைக் கோளாறு. இன்டெல்லின் சொந்த மைக்ரோகோடிலும் தவறு இருந்தது. இன்டெல் பரிந்துரைத்த மின்சார வரம்புகளைத் தாண்டிய அளவுகளைச் சில மதர்போர்டுகள் ‘டீஃபால்ட்’ ஆகவே வைத்திருந்ததும் சேர்ந்துகொண்டது. புதிய பயாஸ் அப்டேட்கள் வந்தன. வாரன்டி இரண்டு வருடம் நீட்டிக்கப்பட்டது. ஆனால் ஏற்கெனவே சிதைந்த சிப்பை எந்த அப்டேட்டாலும் சரிசெய்ய முடியாது என்பதுதான் சோகம்.

இரண்டு பாடங்களும் ஒரே விஷயத்தைச் சொல்கின்றன. மதர்போர்டு ‘ஆட்டோ’வில் என்ன வோல்ட்டேஜ் கொடுக்கிறது என்று பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். புது மதர்போர்டைப் பொருத்தியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, பயாஸ் அப்டேட்.

வாரன்டி விஷயத்திலும் தெளிவு தேவை. ஓவர்கிளாக் செய்ததால் ஏற்படும் சேதத்துக்கு இன்டெல், ஏ.எம்.டி இரண்டின் வாரன்டியும் பொருந்தாது. ஓவர்கிளாக் செய்ய வசதி கொடுத்திருப்பது வேறு, சேதத்துக்குப் பொறுப்பேற்பது வேறு.

கண்ணுக்குத் தெரியாத நஷ்டம்

கம்ப்யூட்டர் நின்றுபோனால் பரவாயில்லை, ரீஸ்டார்ட் செய்துகொள்ளலாம். உண்மையான ஆபத்து, நிற்காமல் தப்புத் தப்பாகக் கணக்குப் போடுவதுதான். ஸ்திரமில்லாத ஓவர்கிளாக்கில், குறிப்பாக ரேமை விரட்டும்போது, சேமிக்கும் ஃபைல்கள் சத்தமில்லாமல் கெட்டுப்போகலாம். அக்கா கல்யாண ஆல்பம், தாத்தாவின் பழைய வீடியோ, அப்பாவின் ஜி.எஸ்.டி கணக்கு எல்லாம் அதே கம்ப்யூட்டரில் இருந்தால்? கெட்டுப்போனது தெரியவே சில மாதங்கள் ஆகும்.

எனவே ஓவர்கிளாக் செய்யத் தொடங்கும் முன் முக்கியமான எல்லாவற்றையும் தனி ஹார்டு டிஸ்க்கில் பேக்கப் எடுத்து, அந்த டிஸ்க்கைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட வேண்டும். பிறகு வேகத்தைச் சிறிது சிறிதாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் சோதிக்க வேண்டும். ரேமுக்கு ‘மெம்டெஸ்ட்86’, பிராசஸருக்கு ‘ஓ.சி.சி.டி’ அல்லது ‘பிரைம்95’, வெப்பத்தையும் வோல்ட்டேஜையும் கவனிக்க ‘ஹெச்.டபிள்யூ இன்ஃபோ’. ஐந்து நிமிடம் ஓடியதை வைத்து முடிவுசெய்யக் கூடாது. ஓர் இரவு முழுக்க ஓட வேண்டும்.

குறைத்தும் வேகம் கூட்டலாம்!

இன்றைய கெட்டிக்கார ஓவர்கிளாக்கர்கள் பலர் வோல்ட்டேஜைக் கூட்டுவதில்லை, குறைக்கிறார்கள். எல்லா சிப்பும் ஒரே மாதிரி பிறப்பதில்லை. மோசமான சிப்பும் ஓட வேண்டும் என்பதற்காக நிறுவனம் கொஞ்சம் அதிகமான வோல்ட்டேஜையே நிர்ணயிக்கிறது. உங்கள் சிப் நல்ல ஜாதி என்றால், அந்த அதிகப்படி தேவையில்லை. வோல்ட்டேஜை 5 சதவிகிதம் குறைத்தால் செலவாகும் மின்சாரம் ஏறக்குறைய 10 சதவிகிதம் குறையும். சூடு குறைவதால், பிராசஸர் தானாகவே அதிக நேரம் உச்ச வேகத்தில் நிற்கும். ஏ.எம்.டி போர்டுகளின் பயாஸில் ‘கர்வ் ஆப்டிமைசர்’ என்ற பெயரில் இந்த வசதி இருக்கிறது. சிக்கனமும் வேகமும் சேர்ந்து கிடைக்கும் வழி இது. இதையும் அதே சோதனைகளோடுதான் செய்ய வேண்டும். அளவுக்கு மீறிக் குறைத்தாலும் கம்ப்யூட்டர் தள்ளாடும்.

கடைக்குப் போகும் முன்...

* பிராசஸரின் பெயர், சிப்செட்டின் எண், சாக்கெட் மூன்றும் பொருந்துகின்றனவா என்று எழுதி எடுத்துச் செல்லுங்கள். ரிச்சி ஸ்ட்ரீட் நெரிசலில் ‘இதுவும் அதுவும் ஒண்ணுதான் சார்’ என்றால் நம்ப வேண்டாம்.

* இப்போதைய சாக்கெட்டுகளில் மெல்லிய ஊசிகள் மதர்போர்டில்தான் இருக்கின்றன. பெட்டியைக் கடையிலேயே திறந்து, ஊசி எதுவும் வளைந்திருக்கவில்லை என்று உறுதிசெய்யுங்கள். சாக்கெட்டின் பிளாஸ்டிக் மூடியைத் தூக்கிப்போடாதீர்கள். வாரன்டிக்குப் போகும்போது கேட்பார்கள்.

* கேபினெட்டின் உள்ளே கூலர் உயரம், ரேடியேட்டர் நீளம் இரண்டுக்கும் இடம் உண்டா என்று பாருங்கள்.

* கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஸ்டிக்கரைப் பிரித்த பிறகே பொருத்துங்கள். அனுபவசாலிகளும் மறக்கும் இடம் இது.

* தெர்மல் பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு போதும். திருகுகளை ஒரே பக்கமாக முடுக்காமல், எதிரெதிர் மூலையாக மாற்றி மாற்றி முடுக்குங்கள்.

* லிக்விட் கூலர் என்றால், ரேடியேட்டரைவிட பம்ப் உயரத்தில் இருக்கக் கூடாது. உள்ளே இருக்கும் காற்றுக்குமிழி பம்பில் போய் நிற்கும்.

* யூ.பி.எஸ்ஸை மறந்துவிடாதீர்கள். சாதாரண 600 வி.ஏ யூ.பி.எஸ் 360 வாட் அளவுக்குத்தான் தாங்கும். கிராபிக்ஸ் கார்டும் ஓவர்கிளாக் செய்த பிராசஸரும் சேர்ந்தால் அது போதாது. பயாஸ் அப்டேட் பாதியில் மின்சாரம் போவது கெட்ட கனவு.

* எல்லாப் பாகங்களின் பில்லையும் பெட்டிகளையும் வாரன்டி முடியும்வரை பத்திரப்படுத்துங்கள்.

மறுபடியும் அந்த அப்பாவிடமும் மகனிடமும் வருவோம். பட்டியலை இன்னொரு முறை உட்கார்ந்து பார்க்கிறார்கள். விளக்குகள் மின்னும் மதர்போர்டு போய், கனமான ஹீட் சிங்க் உள்ள நடுத்தர போர்டு வருகிறது. 360 லிக்விட் கூலருக்குப் பதிலாக, நல்ல டவர் கூலர். மிச்சமான பணத்தில் கொஞ்சம் பெரிய யூ.பி.எஸ். அதற்குப் பிறகும் கொஞ்சம் மீதி இருக்கிறது.

“இதுல என்னப்பா வாங்கலாம்?” என்கிறான் மகன்.

“பேக்கப் எடுக்க ஒரு ஹார்டு டிஸ்க் வாங்கு. உங்க அக்கா கல்யாண போட்டோவை முதல்ல அதுல ஏத்திட்டு, அப்புறம் நீ எவ்வளவு ஸ்பீடு வேணும்னாலும் போய்க்கோ!”